அவதானிப்புக் கொப்பி

கிருலப்பனையில் ஏறி, இரண்டு பஸ் மாறி
மட்டக்குளியில் இறங்கும்போது
ஏழு இருபது.
கதிரைகள் எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே.
உட்கார்வதைப் பழகவே ஒரு மாதம் போனது.
எழும்புவதை இன்னும் பழகவில்லை.

பன்னிரண்டு வருடம் இரத்மலானையில் தைத்தேன்.
மணிக்கு இத்தனை கொலர் என்று கணக்கு,
பிந்தினால் பெயருக்கு நேரே சிவப்புப் பேனா.
நாற்பது வயதில் இங்கே பயிலுநர்.
மேற்பார்வை டீச்சர் நஸ்லாவுக்கு இருபத்தாறு.
என்னை அக்கா என்கிறாள்.
என் பிழைகளையும் அப்படித்தான் தொடங்குகிறாள்:

"அக்கா, குழப்படி என்று எழுதாதீங்க.
குழப்படி கண்ணுக்குத் தெரியாது.
இமாத் என்ன செஞ்சான்? அத எழுதுங்க."

அழித்தேன். எழுதினேன்.
ஒன்பது ஐந்து. தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தான்.
கதவைப் பார்த்தான்.
விரலை நனைத்து
சிந்திய இடத்திலிருந்து கதவு வரைக்கும்
ஒரு கோடு இழுத்தான்.
கோடு காயும்வரை பக்கத்திலேயே இருந்தான்.

திரும்ப வாசித்தேன்.
குழப்படி எந்த வரியில் போனதென்று
தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் டிப்ளோமா வகுப்பு.
நுண்தசை, பெருந்தசை, பற்று, பிரிவுத் துயர்.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி பாடமாக்கினேன்.
திங்கட்கிழமை என் சாரியில் வாந்தியெடுத்தவள்
எந்தப் பந்தியிலும் இல்லை.
இங்கே பிள்ளைகள்
மூன்று மொழியில் ஒன்றுக்குப் போகக் கேட்கிறார்கள்.
அபிநிலாவுக்கு மட்டும் நாலாவது மொழி:
காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு
சுவரைப் பார்ப்பாள்.
நான் முதலில் பிழையில்லாமல் கற்றது
அந்த மொழியைத்தான்.
அதற்கு முன் இரண்டு தரம்
தரை துடைத்தேன்.

பிறகு அந்த மழை நாள்.
தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில்
யார் கதைத்தாலும் வாய் மட்டும் அசைந்தது.
வீட்டுக்குப் போகும் நேரம்.
செனுமி தன் மழைக்கோட்டைத்
தானே பூட்டத் தொடங்கினாள்.
மேல் பொத்தான், மூன்றாவது துளை.
நுழைந்தது. நழுவியது.

என் கை எழும்பிவிட்டது.
நான் எழுப்பவில்லை,
பன்னிரண்டு வருடம் எழுப்பியது.
அறையின் மறுமுனையில் நஸ்லா
தன் இரண்டு கைகளையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினாள்.

கட்டினேன்.

பின்னால் என் விரல்கள்
ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருந்தன.
வாசலில் வேன் அங்கிள் ஹோர்ன் அடித்தார்.
செனுமியின் நாக்கு நுனி வெளியே வந்தது,
உள்ளே போனது, திரும்ப வந்தது.
பொத்தான் பாதி நுழைந்து
தலையை நீட்டிப் பார்த்துவிட்டு
வந்த வழியே போனது.
இரண்டாவது ஹோர்ன்.
எனக்கு இது மூன்று விநாடி வேலை, மகளே,
கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.
சொல்லவில்லை.
கடித்து வைத்திருந்தேன்.

பதினொரு நிமிடம்.

"ஹரி," என்றாள்.
கொலரின் ஒரு பக்கம் காதுக்கு ஏறி
மறு பக்கம் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது.
பழைய லைனில் அது ரிஜெக்ட்.
அப்படியே மழைக்குள் இறங்கிப் போனாள்,
ஊர்வலத்தில் போகிறவளைப்போல.
வேன் அங்கிள் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதமாட்டேன்.
அது அவதானிப்பு அல்ல, என் அபிப்பிராயம்.

கொப்பியில் கடைசிக் கட்டம்:
பயிலுநர் என்ன செய்தார்?
'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினேன்.
நஸ்லா வாசித்தாள்,
அதன் கீழே கையெழுத்து வைத்தாள்.
சம்பளத்துக்கு ஒன்றும் செய்யாமலிருப்பது
இவ்வளவு வேர்க்கும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

கொப்பியை மூடித் திரும்பியபோதுதான் கண்டேன்.
என் இடுப்பு உயரத்தில் இமாத்,
இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு,
செனுமி நின்ற இடத்தையே பார்த்தபடி.

புதிய பக்கம். திகதி போட்டேன்.
பெயர் எழுதினேன்.
தொடங்கிய நேரம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.